பச்சை அட்டை

முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் வோன். சாங்-உக்குக்கு நான் தர வேண்டிய பாக்கி. வீட்டுக்காரர் திடீரென்று அட்வான்ஸை ஏற்றி, கட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்று பனிக்காலத்தில் கதவைத் தட்டியபோது, நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவன் கொடுத்த பணத்தில் மிச்சம் இருந்தது அது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வந்தேன். ஒரு மாதம் தவறினாலும் அவன் முகம் மாறாது. "மெதுவா குடுங்கண்ணே. இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடிரப்போறேன்?" என்பான்.

சாங்-உக் எங்கள் வாலிபால் கிளப்பின் மூத்த ஆட்டக்காரன். வலையோரம் நடுவில் நின்று எதிராளி அடிக்கிற பந்தைக் கையால் மறிப்பது அவன் வேலை. முப்பத்தாறு வயது. நான் அதே கிளப்பில் துணி துவைக்கிறவன், தரை துடைக்கிறவன், பந்துக்குக் காற்றடிக்கிறவன். முன்பு கட்டட வேலை பார்த்தேன். இடுப்பு போனபிறகு இங்கே ஒட்டிக்கொண்டேன். இதை விட்டால் என்னை வேலைக்குக் கூப்பிட ஆள் கிடையாது.

எங்கள் கிளப்பை நடத்திய பாய்லர் கம்பெனி இரண்டு வருஷமாக நஷ்டத்தில் இருந்தது. பிப்ரவரியில் மேலிடத்து ஆள் ஒருவர் ஆட்டக்காரர்கள் தங்குகிற விடுதிக்கு வந்தார். இந்தத் தடவை வசந்த கால இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தால் இன்னும் ஒரு வருஷம் கிளப்பை வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் கலைத்துவிடுவோம் என்றார். சொல்லிவிட்டு எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கிம்ச்சிக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது தடவை அவர் கேட்டபோது சமையல்கார அம்மா பானையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

கடைசியில் எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்து நின்றது. ஜெயித்தால் உள்ளே, தோற்றால் வெளியே.

அன்று சட்டைகளைச் சுமந்துகொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனேன். எல்லோரும் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார்கள். நாம்குங் மட்டும் சும்மா இருக்கவில்லை. அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன வயசு ஆட்டக்காரன், வாய் அதிகம்.

"பாங் மாமா, என் சட்டைய என்ன பண்ணீங்க? சுருங்கிப் போச்சு."

"சட்டை சுருங்கலடா. ராம்யோன் நூடுல்ஸாத் தின்னு உன் வயிறு ஊதிப்போச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். சாங்-உக் சிரிக்கவில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டிருந்தான். போன வாரம் பந்து பட்டு மடங்கிய விரல்கள்.

"வலிக்குதா தம்பி?"

"வலிச்சாத் தேவலைண்ணே. மரத்துப்போச்சு. விரல் இருக்குதா இல்லையான்னே தெரியல."

ஐந்தாவது செட்டுக்கு ஆட்டம் போனது. இரண்டு புள்ளி முந்திப் பதினைந்து எடுத்தால் போதும். பதினான்கு–பதின்மூன்று, நாங்கள் மேலே. நான் கோட்டுக்கு வெளியே துடைப்பத்தோடு முட்டி போட்டிருந்தேன். எதிர் அணிக்காரன் எகிறி அடித்தான். சாங்-உக்கும் நாம்குங்கும் ஒன்றாகக் குதித்துக் கையை நீட்டினார்கள். பந்து அவர்களைத் தாண்டி, என் தலைக்கு மேலே போய், கோட்டுக்கு ரொம்ப வெளியே விழுந்தது.

நடுவர் எங்கள் பக்கம் கை நீட்டினார். ஆட்டம் முடிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன். இன்னும் ஒரு வருஷம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது எதிர் அணிப் பயிற்சியாளர், பந்து மறித்தவர் கையில் உரசிப் போனது, வீடியோ பாருங்கள் என்று கேட்டார்.

எங்கள் லீக்கில் பச்சை அட்டை என்று ஒன்று உண்டு. வீடியோ பார்ப்பதற்கு முன்னால், என் கையில் பட்டது என்று ஆட்டக்காரன் தானாக ஒத்துக்கொண்டால் நடுவர் அந்த அட்டையைக் காட்டுவார். கூட்டம் கைதட்டும். பிறகு வீடியோ கிடையாது. மறித்தவன் கையில் பட்டு வெளியே போன பந்துக்குப் புள்ளி எதிராளிக்கு.

சாங்-உக் தன் விரல்களைப் பார்த்தான். வலது கையை மேலே தூக்கினான்.

பச்சை அட்டை வந்தது. எதிர்ப்பக்கக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. உள்ளே ஓடியவர்கள் தலை குனிந்து பெஞ்சுக்குத் திரும்பினார்கள். பதினான்கு–பதினான்கு. அடுத்த பந்து வலையில் மோதியது. அதற்கடுத்த பந்தை யாரும் தொடவேயில்லை. பதினான்கு–பதினாறு, தோற்றோம்.

பஸ்ஸில் கிம்பாப் சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. யாரோ ஒருவன் பின்சீட்டிலிருந்து கத்தினான்.

"அரை நிமிஷம் சும்மா நின்னிருந்தா என்னண்ணே? தியாகின்னு சிலை வைப்பாங்களா?"

"பட்டுச்சுடா. விரல்ல பட்டுச்சு. வீடியோல எப்படியும் தெரிஞ்சிருக்கும்" என்றான் சாங்-உக்.

நாம்குங் செல்போனில் டிவிக்காரர்கள் மெதுவாக ஓட்டிக் காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து சாங்-உக் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணே, பந்து படல."

"என்னடா சொல்ற?"

"உன் விரலுக்கு மேல தள்ளியே போயிருச்சு. நான்தான்ணே... குதிக்கும்போது என் கை உன் கையில இடிச்சிருக்கு. எனக்கே இப்பதான் தெரியுது."

சாங்-உக் போனை வாங்கிப் பார்த்தான். எனக்கும் தெரிந்தது. பந்துக்கும் டேப் சுற்றிய அந்த விரல்களுக்கும் நடுவில் வெளிச்சம் இருந்தது. அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பல்லால் டேப்பைக் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தான். விடுதி வருகிற வரைக்கும் பிரித்துக்கொண்டே இருந்தான்.

மறுவாரம் கலைப்பு அறிவிப்பு வந்தது. சின்னப் பையன்களை வேறு கிளப்புகள் எடுத்துக்கொண்டன. நாம்குங்குக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. சாங்-உக்கை ஒருவரும் கூப்பிடவில்லை. அந்த முழங்காலையும் அந்த வயசையும் யார் வாங்குவார்கள்? பச்சை அட்டைக்காரன் என்று பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார்கள். வேலை கொடுப்பதாக யாரும் எழுதவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுக்கப் போய்க் கேட்டானாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன்.

எனக்கு செட்டில்மென்ட் வந்தது. பாக்கியை எடுத்து வைத்தபோது மீதியில் ஒரு மாத வாடகை தேறவில்லை. இருந்தாலும் வெள்ளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், மெதுவா குடுங்கண்ணே என்று அவன் தள்ளிவிடுவான் என்று நம்பித்தான் போனேன்.

விடுதி வாசலில் காரில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் உறையை நீட்டினேன்.

"தம்பி, உன் பாக்கி. முழுசும் இருக்கு."

"நீங்க என்ன பண்ணப்போறீங்கண்ணே?"

"பாக்கலாம். காலைல கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்துல போய் நிக்கணும்."

"இடுப்பு?"

உறையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவன் உறையையே பார்த்துக்கொண்டு நின்றான். காருக்குள் அவன் மனைவி எங்கள் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வாங்கிக்கொண்டான். கார் மேல் சாய்ந்து, வளைந்துபோன அந்த இரண்டு விரல்களை ஒதுக்கிவைத்துக்கொண்டு, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். நடுவில் விட்டுப்போய், முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.

"சரியா இருக்குண்ணே" என்றான்.