கடைசி இடத்து ஆள்

"மனசுக்குள்ளதாம்மா சொல்றேன். பக்கத்துல உக்காந்தாலும் யாருக்கும் கேக்காது."

"ஆமா மாமா, கேக்கவே கேக்காது."

தெருமுனைப் புத்த மையத்தில் எல்லாருக்கும் நல்லது நினைக்கும் மைத்ரி தியானம் கற்றுக்கொண்டு வந்த புதிதில் மாமனார் அப்படிச் சொன்னார். மருமகளும் முகம் மாறாமல் தலையாட்டினாள். ஆயுள் முழுக்க லிஃப்ட் மோட்டார்களோடு குடித்தனம் நடத்தி மந்தமான காது அவருடையது. அவர் முணுமுணுத்தால் எதிர்வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். ஆனாலும் மகன் இறந்துபோன பிறகு வாயே திறக்காதிருந்த மனிதர் ஏதோ சொல்கிறாரே, அதுவே போதும் என்றிருந்தது அவளுக்கு.

தியானத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தான் நலமாயிருக்க வேண்டும்; பிறகு பிரியமானவர், பிறகு முகம் மட்டும் தெரிந்தவர், கடைசியில் ஆகாதவர். பிரியமானவர் இடத்தில் எப்போதும் அவள்தான். 'என் மருமக நல்லா இருக்கட்டும், பயமில்லாம இருக்கட்டும்.' அதைக் கேட்டபடி முகம் கழுவினால்தான் அவளுக்குப் பொழுது விடியும். கடைசி இடம்தான் அன்றன்றைய செய்தி. 'மாடியில ஆணி அடிக்கிறவன் நல்லா இருக்கட்டும். கை வலிக்காம இருக்கட்டும். லேசா வலிச்சாலும் பரவால்ல.'

ஒருநாள் அந்த இடத்துக்கு வேன்காரர் வந்து சேர்ந்தார். அவள் வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் சரக்கு ஏற்றுபவர். அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தவர். மாமனாரிடம் அவள் மூச்சு விடவில்லை. கடைப்பக்கம் போனவர் கண்ணாலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். 'அந்த வேன்காரன் நல்லா இருக்கட்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நாள் போகப்போக வேன்காரன் வேன்காரர் ஆனார்.

வேன்காரருக்குச் சரி சொல்வதில் அவளுக்குத் தயக்கமில்லை. மாமனாரையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றதற்கு, "அப்பா இல்லாம வளந்தவன் நான், தாராளமா வரட்டும்" என்றிருந்தார் அவர். கேட்க வேண்டியது மாமனாரிடம். பற்றை விடணும்மா என்று அவர் கூட வர மறுத்துவிட்டால் அவளும் போக மாட்டாள். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்ற மனம் வராமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. 'என் மருமகளும் அந்தத் தம்பியும் நல்லா இருக்கட்டும்.' அவள் கை நின்றது. கடைசி இடத்துக்கு வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, 'அவங்க போற அன்னிக்கு அழப்போற இந்தக் கிழவனும் நல்லா இருக்கட்டும்.'

சோப்பு முகத்தோடு போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

கண் திறந்தவர் திடுக்கிட்டார். "என்னம்மா இது கோலம்?"

"கேட்டுச்சு மாமா."

"எது?"

"எல்லாமே. மொத நாள்லேர்ந்து."

"அய்யய்யோ. மாடிக்காரன் கை வலிக்கட்டும்னது?"

"அது அவருக்கே கேட்டிருக்கும்."

அவர் வெட்கத்தில் சிரிக்க, அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது.

"நீங்க சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் மாமா நான் எந்திரிச்சு நின்னேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். தாடையிலிருந்து நுரை சொட்டி அவர் முழங்காலில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எங்ககூட வந்து இருங்க மாமா."