மசாம்பாவின் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

சென் லூயி என்ற தீவு நகரில் குதிரை வண்டி ஓட்ட வருவதற்கு முன் மசாம்பா மீனவன். கடல் உள்ளே வந்து குப்பத்தின் கரையோர வரிசையை விழுங்கியபோது அவனுடைய வீடும் போயிற்று. பத்து கிலோமீட்டர் தள்ளி மணல்காட்டில் அரசாங்கம் இடம் கொடுத்தது. அங்கிருந்து விடியுமுன் வந்து படகு இறக்கிப் பார்த்தான், கட்டுப்படியாகவில்லை. படகை விற்றுக் குதிரை வாங்கினான்.

சவாரி பிடித்துத் தருவது பீரான். இருவரும் ஒரே படகில் வலை இழுத்தவர்கள். பீரானுக்கு பிரெஞ்சு சரளமாக வரும், அதனால் வழிகாட்டியாகிவிட்டான்.

அன்றைக்கு ஏறியவர்கள் பிரான்சிலிருந்து வந்த வயதான தம்பதி. காலையில் தீவு முழுக்கச் சுற்றினார்கள். மர மாடங்கள் வைத்த பழைய வணிகர் வீடுகளுக்கு முன்னால் பீரான் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னான். பகலுக்கு மீன் சோறு சாப்பிட்டபின் சின்னப் பாலம் தாண்டிக் குப்பத்துக்குள் வந்தார்கள். வழக்கமாக மீன் சந்தையோடு வண்டியைத் திருப்பிவிடுவான் மசாம்பா.

"இன்னைக்குக் கரை வரைக்கும் விடு. இடிஞ்ச வீடுங்களப் பாக்கணும்ங்கறாங்க" என்றான் பீரான்.

"அங்க என்னடா இருக்கு பாக்க?"

"அத நான் சொல்லிக்கிறேன். நீ வண்டிய ஓட்டு."

அத்தனை இடிந்த வீடுகள் இருக்க, பீரான் கைகாட்டி நிறுத்தச் சொன்னது மசாம்பாவின் வீட்டு முன்னால்தான். மூன்று சுவர்கள் மிச்சம். கல்யாணத்துக்கு அடித்த பச்சைச் சாயம் ஒன்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பீரான் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மசாம்பாவுக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சுக்கே எல்லாம் புரிந்தது. இங்கே ஒரு மீனவன் இருந்தானாம். மனைவி, மூன்று குழந்தைகள். தூக்கத்தில் கடல் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். ஒருவர்கூட மிஞ்சவில்லையாம்.

உண்மையில் கடல் பட்டப்பகலில், மூன்று நாள் எடுத்துக்கொண்டு, சுவர் சுவராகத்தான் வந்தது. கட்டிலையும் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்கள். வாசல் கதவைக் கழற்றித் தலையில் சுமந்து போனதே பீரான்தான்.

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. வண்டிக்காரருக்கு அந்த மனிதரைத் தெரியுமா என்று கேட்டாள். பீரான் மசாம்பாவின் முகத்தைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்தான்.

மசாம்பா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான்: "தெரியும். என் வயசுதான்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவனைப் பச்சைச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். எப்படி நிற்பது என்று தெரியாமல் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவர்களை விடுதியில் இறக்கிவிட்டதும் ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று பீரானைக் கேட்டான்.

"வீடு இடிஞ்சுதுன்னா தலைய ஆட்டிட்டுப் போயிருவாங்க, மச்சான். செத்தாங்கன்னாதான் நிப்பாங்க. நீ சொன்னதுதான் இன்னும் எடுபட்டுச்சு. நாளைக்கு வர்றவங்ககிட்டயும் அதையே சொல்லிரு."

சாட்டை மசாம்பாவின் கையில்தான் இருந்தது. பீரான் இல்லாவிட்டால் சவாரி இல்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

பொழுது சாயும்போது மனைவி கும்பா பொதுக்குழாயில் வாளியோடு நின்றிருந்தாள். வாளியை வாங்கிக்கொண்டு நடக்கும்போது நடந்ததைச் சொன்னான்.

"என்னையும் கொன்னுட்டானா?"

"உன்னையும்தான். புள்ளைங்களையும்."



"அந்தம்மா நிஜமாவே அழுதாளா?"

"அழுதா."

"நம்ம வீடு போனப்ப ஊரே நின்னு பாத்துச்சு. ஒருத்தியும் அழல" என்றாள் கும்பா. பிறகு, நாளைக்கும் அங்கேதான் போவீர்களா என்று கேட்டாள்.

போவேன் என்றான். தளும்பிய தண்ணீர் அவன் காலை நனைத்துக்கொண்டே வந்தது.