லெட்சுமணன் அண்ணனின் இடது கை

என் வீட்டுக்காரர் ராய்ஸ்டன், பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். கேமரன் மலையில் படம் போடுகிறவர்கள் எல்லாரும் தேயிலைத் தோட்டத்தைத்தான் போடுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த எனக்கே அந்தப் பச்சை சலித்துவிட்டது. இவருக்கோ எங்கள் ஊர் தானா ராத்தாவின் பெரிய தெருவின்மேல் காதல். விடுமுறை நாளில் பஸ்ஸும் காரும் நகராமல் நின்று ஊரே ஹாரன் அடிக்குமே, அதைச் செப்புத்தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்தார்.

அதில் ஒரு முகமும் நேராக இல்லை. கட்டடங்கள் குடித்தவன் மாதிரி சாய்ந்திருந்தன. “மனசுல பட்டத அப்படியே போடறது, கேத்லீன். எக்ஸ்பிரஷனிசம்னு பேரு,” என்றார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சொன்னால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது என்பதால் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே ஆசை. படத்தில் இருக்கிற சனங்கள் அதைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடை லெட்சுமணன் அண்ணன் சுவரில் இடம் தந்தார்.

“மாட்டிப் பாருங்க சார். கஸ்டமர் மூஞ்சியச் சுளிச்சா கழட்டிருவேன்லா.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போனோம். படத்தைப் பார்த்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தங்கள் தட்டுக்கே திரும்பினார்கள். இவர் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ராபெரி விற்கும் குணவதி அக்காதான் முதலில் எழுந்து கிட்டே போனார். படத்தில் அவர் முகத்தில் பாதிக்கு வாய்தான் இருந்தது.

“இது நாந்தான். நான் கத்துற கத்துக்கு இந்த வாய்தான் சரி.”

கடையே சிரித்தது. ஆளாளுக்கு எழுந்துபோய்த் தங்களைத் தேட ஆரம்பித்தார்கள். லெட்சுமணன் அண்ணனும் ஆவலாக வந்தார். நடுவில் பனைமரம்போல் நீண்ட ஒரு கை, தே தாரிக் என்கிற நுரைத் தேநீரை உயரத்திலிருந்து இழுத்து ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது.

“இது நான் இல்ல. நான் இடது கைல ஊத்தறவன். ஊருக்கே தெரியும். இது வலது கை. எதிர்க்கடை ராமையாவப் போட்டுருக்கீங்க.”

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தகட்டுல இடது கைதான்ணே போட்டேன். அழுத்தி எடுத்தா இடம் வலமா மாறிரும். திருப்பிப் போட மறந்துட்டேன்.”

“என் கை மாறலயே சார்,” என்று அண்ணன் படத்தைக் கழற்றக் கை நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு முன்னால் நானே படத்தைக் கழற்றி, கை கழுவும் இடத்துக்குப் போய், அங்கிருந்த கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன்.

“படத்தப் பாக்காதீங்க. கண்ணாடியப் பாருங்கண்ணே.”

கண்ணாடியில் இடது கை தே ஊற்றியது. தெருவும் சரியான பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துவந்து, கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் தாமே ஆணி அடித்துப் படத்தை மாட்டினார்.

இப்போது அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் கை கழுவி நகர்வதில்லை. ராமையாகூட வந்து தம்மைத் தேடிவிட்டுப் போனார்.

போன ஞாயிறு இவரும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று, கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். பார்க்க ஆசையாக இருந்தது.

“எனக்கு மொத நாளே புடிச்சிருந்துச்சு,” என்றேன்.

ஈரக் கையோடு திரும்பி, “இன்னொரு தடவ சொல்லு,” என்றார். நான் பயந்தபடியே அவருக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் நின்ற வரிசை எங்களைத் திட்டத் தொடங்கியது. நான் இன்னொரு தடவை சொன்னேன்.