இரவல் மூக்கு

அந்தச் சின்னக் காருக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே பேருக்கு இடம். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. காலை நீட்டினால் எதிலோ போய் இடித்தது. கதவுக்கு வெளியே அவள் கணவர் குந்தியிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?"

"பழைய தோல் வாசனை. யாரோ சிகரெட் குடிச்சிருக்காங்க. ரொம்ப நாள் முன்னாடி."

"பெட்ரோல்?"

அவள் இன்னொரு முறை மூச்சை ஆழமாக இழுத்தாள். "இல்லைங்க."

"பின்னாடி திரும்பிப் பாரு. சீட்டுக்குப் பின்னால."

"நான் என்ன மோப்ப நாயா? இல்லைன்னா இல்லதான்."

அவர் சிரித்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி, இறங்கு. அவனுங்க வந்துடப் போறானுங்க."

மற்றவர்கள் எதிரே இருந்த டீக்கடைக்குப் போயிருக்கும் மதிய வேளையில்தான் இது நடக்கும். சாப்பாட்டுப் பை ஒரு சாக்கு. ஒரு வருஷமாக அவள் அந்தப் பையோடு பட்டறைக்கு வந்து, ஏதாவது ஒரு வண்டிக்குள் தலையை நீட்டி மோந்து பார்ப்பது யாருக்கும் தெரியாது. "அண்ணி கையால சாப்பிட்டாத்தான் அண்ணனுக்கு இறங்கும்போல" என்று பெயிண்டர் கிண்டல் செய்வான். அவளும் வெட்கப்படுவதுபோல் சிரித்து வைப்பாள்.

அந்தப் பட்டறையில் அவருக்கு மூக்கண்ணன் என்றுதான் பேர். பழைய கார்களை மட்டுமே பார்க்கும் பட்டறை அது. வண்டி வாசலில் வந்து நின்றதுமே ஆயில் கருகுகிறதா, கிளட்ச் தேய்கிறதா, ஒயர் சூடாகிறதா என்று மோந்தே சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். தெருமுனையில் திரும்பும்போதே இன்றைக்கு என்ன சமையல் என்று தெரிந்துகொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே சொல்வார். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பெரிய அதிசயம்.

அது எப்போது நின்றது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஒருநாள் புதுச் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு காலையில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தது. அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

அன்றைக்கு இரவல் கொடுத்த மூக்குதான் இது.

பட்டறையின் ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். ஒரு மூலையில் பெயிண்ட் அடிக்கும் வேலை நடப்பதால், காற்று வந்தால் ஈரப் பெயிண்டில் தூசி படிந்துவிடும் என்று முதலாளி திறக்க விடமாட்டார். காற்றை வெளியே தள்ளச் சுவரில் ஒரு காற்றாடியாவது வைக்கச் சொல்லி மூக்கண்ணன் முன்பு கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார் முதலாளி. தூணுக்கு அடியில் பாதி வெட்டிய தகரம் ஒன்றில் பெட்ரோல் ஊற்றி வைத்திருப்பார்கள். கை கழுவ அதுதான். அதில் கையை முக்கிப் பழந்துணியில் துடைத்துவிட்டால் கிரீஸ் போய்விடும்.

சிவப்புக் கார் ஒரு வக்கீலுடையது. காருக்குள் பெட்ரோல் வாசனை வருகிறது, பிள்ளைத்தாய்ச்சி மனைவியால் உட்கார முடியவில்லை என்று கொண்டுவந்து விட்டிருந்தார். மூக்கண்ணன் முன்மூடியைத் திறந்து பார்த்தபோது இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்தது. அதை மாற்றினார். கார்புரேட்டரின் வாஷர்களையும் மாற்றினார். அதற்குமேல் மோந்து பார்க்க மனைவி இருந்தாள்.

ஏற்கெனவே இரண்டு வண்டிகள் சரியாகவில்லை என்று திரும்பி வந்திருந்தன. "இன்னொண்ணு வந்துச்சுன்னா நான் யோசிக்க வேண்டியிருக்கும் மூக்கு" என்று முதலாளி சொல்லியிருந்தார். அதை அவர் அவளிடம் சாப்பிடும்போது சொன்னார், உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி.

வண்டியைக் கொடுத்து அனுப்பிய மறு வாரம் அவள் சாப்பாட்டுப் பையோடு வந்தபோது, சிவப்புக் கார் பட்டறை வாசலில் நின்றது. 

வக்கீல் முதலாளியிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "சரியாயிடுச்சுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? பாதி வழியில இறங்கி வாந்தி எடுக்கறா சார்!" வக்கீல் மனைவி கொஞ்சம் தள்ளி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூக்கில் கைக்குட்டையோடு நின்றிருந்தாள். சின்னப் பெண். முகம் வெளுத்திருந்தது. மூக்கண்ணன் தலை குனிந்து காரின் முன்மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடலாம் என்று அவள் சுவரோரமாக நடந்தாள். வக்கீல் மனைவியைத் தாண்டும்போது அந்தப் பெண் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

"இவங்க மேலயும் அதே வாசனை வருதுங்க" என்றாள் கணவனிடம். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. ஆச்சரியம்தான். பிறகு அவளைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு இப்ப எல்லாமே ரொம்பத் தெரியுது" என்றாள்.

அவள் தன் தோளில் கிடந்த துணியை எடுத்து மோந்தாள். வெயிலில் காய்ந்த துணி வாசனை மட்டும்தான் இருந்தது. பையிலிருந்து சாப்பாட்டின் மணம் வந்தது. டீக்கடையிலிருந்து பால் கொதிக்கும் வாசனைகூட வந்தது. வேறெதுவும் இல்லை.

தினமும் அவர் சட்டையைத் துவைப்பவள் அவள். அவர் கழற்றிப் போடுவதை இருபது வருஷத்துக்கு மேலாக அள்ளிக்கொண்டு போகிறவள். அதே கையால் தலை வாரி, அதே கையால் தலையணைக்கு உறை மாட்டுகிறவள்.

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். திரும்பி வந்த மூன்று வண்டிகளையும் வீடுவரை போன இந்த வாசனையையும் சேர்த்துப் பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளே போய் ஒரு நனைந்த துணியோடு வந்தார்.

"மூக்கு, இதுல என்ன இருக்குன்னு சொல்லு."

அவர் துணியை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி, பழைய நாட்களில் செய்வதுபோலவே தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அவள் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் துணியின் வாசனை எட்டாத தொலைவில் நின்றாள்.

"பெட்ரோல்" என்றார் அவர்.

முதலாளி துணியை வாங்கிப் பிழிந்தார். தரையில் விழுந்தது தண்ணீர். பெயிண்டர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா?" என்றார் முதலாளி.

மூக்கண்ணன் வக்கீல் மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, வாசனை எப்ப ஜாஸ்தியா வருது?"

"பெட்ரோல் போட்டுட்டு வரும்போது. அப்புறம் வளைவுல திரும்பறப்ப. பெட்ரோல் குறைஞ்சப்புறம் அவ்வளவா இல்லை."

அவர் தலையாட்டினார். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்டால் மூக்கு இல்லாதது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்கவில்லை. அவளுக்கு அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவளருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டுலேர்ந்து உன் பவுடர் டப்பாவ எடுத்துட்டு வர்றியா?"

அவள் கேள்வி கேட்காமல் ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் காரின் பின்பெட்டியைக் காலி செய்து, விரிப்பை உருவி, சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றியிருந்தார். உள்ளே பெட்ரோல் டாங்க் தெரிந்தது. டாங்கை வாய்வரை நிரப்பியிருந்தார்கள். வெளியே பெட்ரோல் ஊற்றும் வாயையும் டாங்கையும் ஒரு தடித்த ரப்பர் குழாய் இணைத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அவர் அவளுடைய பவுடரைக் குழாயின் அடிப்பக்கமெல்லாம் பூசினார், குழந்தைக்குக் குளிப்பாட்டிப் பூசுவதுபோல.

"அசைங்க" என்றார்.

பெயிண்டரும் வக்கீலும் ஆளுக்கொரு பக்கம் நின்று காரை ஆட்டினார்கள். அவர் டார்ச்சைப் பிடித்தபடி குழாய்க்கு அடியில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை நீட்டினார். வெள்ளைப் பவுடரில் முடியளவுக்கு ஒரு கோடு விழுந்தது. பிறகு அது பரவி ஈரமானது.

"இதோ" என்றார்.

பழைய குழாயை வெளியே எடுத்து வளைத்தபோது அடிப்பக்கம் வாய் பிளந்தது. நிரம்பும்போது அந்த வெடிப்புக்குமேல் பெட்ரோல் வந்து நிற்கும், வளைவில் சாயும்போது கசியும். கசிந்ததையெல்லாம் பின்பெட்டி விரிப்பு குடித்து வைத்திருந்தது. விரிப்பை வெயிலில் எறிந்தார்கள். புதுக் குழாயை மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி, மறுபடி பவுடர் பூசி, மறுபடி ஆட்டச் சொன்னார். பவுடர் உலர்ந்தே இருந்தது. சாயங்காலம்வரை எல்லாக் கதவையும் திறந்துபோட்டுக் காத்திருந்தார்.

வக்கீல் மனைவி மெல்ல உள்ளே உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். "இல்லை. சுத்தமா இல்லை" என்றாள், சிரித்துக்கொண்டே. "ரொம்ப தேங்க்ஸ்ணே."

கார் போன பிறகு முதலாளி வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லக் கொஞ்சம் தடுமாறினார்.

"உன் கை மேல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா இது பெட்ரோல் பொழங்கற எடம். நாளைக்கு ஏதாவது கசிஞ்சு பத்திக்கிச்சுன்னா? உனக்கும் தெரியாது, எங்களுக்கும் லேட்டாத்தான் தெரியும். யாருக்குப் பதில் சொல்றது?"

"இங்க வந்துதானே சார் அவருக்கு மூக்கே போச்சு" என்றாள் அவள். தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலாளி அவளைப் பார்க்காமல் பெயிண்ட் மூலையைப் பார்த்தார். "வேலைச் சட்டைய மட்டும் துவைச்சுக் குடுத்துடுங்கம்மா. வாசனை இல்லாம. இவருக்குப் பதிலா வர்ற ஆளுக்குக் குடுக்கணும்."

மூக்கண்ணன் தூணுக்கு அடியில் குந்தி, தகரத்துப் பெட்ரோலில் கையை முக்கிக் கழுவினார். துடைத்தார். பழக்க தோஷத்தில் விரல்களை மூக்கருகே கொண்டுபோய்ப் பிறகு கீழே விட்டார். சாப்பாட்டுப் பை தொடாமலே கிடந்தது. பெயிண்டர் வாசல்வரை கூடவே வந்தான். "அண்ணி..." என்றான். அதற்குமேல் கிண்டல் எதுவும் அவனுக்கு வரவில்லை.

வழியில் அவள் சொன்னாள்: "பால் தீய்ஞ்சா தெரியுதுங்க எனக்கு. சோப்பு தெரியுது. அந்தக் காருல சிகரெட்கூடத் தெரிஞ்சுது. இது மட்டும் ஏன் தெரியலை?"

"விடு."

"என்னாலதானே?"

"உன்னால எப்படி?" என்றார். பிறகு கொஞ்ச தூரம் நடந்து, "நான் கொண்டுவந்து போட்டதுதான்" என்றார்.

வீட்டுக் கொல்லையில் அவள் வெந்நீர் வைத்து வேலைச் சட்டைகளை ஊறப்போட்டாள். துவைத்தாள், அலசினாள், மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. இப்போது அதை நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி எடுக்கக் கொல்லைக்கு வந்ததும், குட்டைச் சுவருக்குமேல் சட்டையை நீட்டினாள்.

"பெட்ரோல் வாசனை வருதான்னு கொஞ்சம் பாரேன்."

பக்கத்து வீட்டுக்காரி குனிந்து மோந்துவிட்டு, "இருக்குக்கா" என்றாள்.

மறுபடி துவைத்தாள். மறுபடி நீட்டினாள்.

"இன்னும் இருக்கு."

"இத்தனை வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கே. வீட்டுக்குள்ள வர்றே, போறே. ஒரு வார்த்தை சொன்னதில்லையேடி."

பக்கத்து வீட்டுக்காரி கூச்சத்தோடு சிரித்தாள். "எல்லா வீட்டுக்கும் ஒரு வாசனை இருக்கும்லக்கா. இது உங்க வீட்டு வாசனைன்னு நினைச்சேன்."

அவள் சட்டையை வாளிக்குள் அமுக்கினாள். கையிலிருந்த சோப்பு நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த அவர் எழுந்து வந்தார். வாளிக்கு எதிரே குந்திச் சட்டையின் ஒரு கையைப் பிடித்தார். அவள் மறு கையைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் வழிந்து நின்றதும், உதறி விரித்து, சுவருக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்தாள். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.