பேக்கரி இருக்கும் இடத்தில் கழிப்பறை

மச்சான் பேக்கரி திறந்த அன்றைக்கு முதலில் நுழைந்த ஆள் ரொட்டி கேட்கவில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். மச்சான் அவரை மேலும் கீழும் பார்க்க, வந்தவர் அவசரத்தோடு தன் போனை நீட்டினார். வரைபடத்தில் பேக்கரி நின்ற அதே இடத்தில் 'பொதுக் கழிப்பறை' என்று நீல எழுத்து பளிச்சென்று இருந்தது.

பொய்யில்லை. அங்கே முன்பு பொதுக் கழிப்பறைதான் இருந்தது. அதை இடித்துத் தரைமட்டமாக்கிப் புதுக் கட்டிடம் எழுப்பிய பிறகுதான் மச்சான் வாடகைக்கு எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, சேர்த்ததையெல்லாம் அடுப்பிலும் கண்ணாடி அலமாரியிலும் கொட்டிக் கடை வைத்திருக்கிறார் மனுஷன். கேக் வாங்கக் கிளம்புகிறவர்கள் போனில் வழி பார்த்துவிட்டு, சீ என்று வேறு கடைக்குத் திரும்பினால் அவர் கதி என்ன ஆவது?

இதில் கூத்து என்னவென்றால், அந்த வரைபடத்தை ஊரில் உள்ள போன்களுக்கெல்லாம் அனுப்பிவைக்கிற அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பான ஆளே மச்சானுடைய தங்கை புருஷன்தான். நம்ம மாப்பிள்ளை.

விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை சிரித்தார். இதெல்லாம் ஒரு வேலையா என்று லேப்டாப்பைத் திறந்தார், கழிப்பறையை அழித்தார், பேக்கரி என்று எழுதினார், வரைபடத்தைத் திறந்து பார்த்தார். பேக்கரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மச்சானுக்குப் போன் போட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாளும் கடைக்கு வந்தவர்கள் கழிப்பறைதான் கேட்டார்கள். அவசரம் என்று வந்து நிற்பவரை விரட்டவா முடியும்? மச்சான் கடைக்குப் பின்னால் இருந்த தன் கழிப்பறையைக் காட்டினார். டாக்சிக்காரர்கள், பார்சல் கொண்டு போகிறவர்கள் என்று போய்விட்டு வந்தவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு பன் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் கேக்குக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. மாப்பிள்ளை திரும்பப் பார்த்தார், லேப்டாப்பில் பேக்கரிதான் இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று மறுபடி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மச்சானுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

மாப்பிள்ளை லேப்டாப்பைக் காட்டினார், பேக்கரி. மச்சான் தன் போனைக் காட்டினார், கழிப்பறை. மாப்பிள்ளையின் மனைவி தன் போனை எடுத்துப் பார்த்தாள். அதிலும் கழிப்பறை.

மச்சான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கல்யாணத்தப்போ, உங்க வேலை நிரந்தரமான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தானே மாப்பிள்ளை எனக்கு இப்படிக் காதுல பூ சுத்துறீங்க?"

அண்ணன் போனதும் மாப்பிள்ளையின் மனைவி, கடை விஷயம் சரியாகிற வரைக்கும் அண்ணன் வீட்டுப் படியை நாம் இரண்டு பேருமே மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளும் நம்பவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

மேசை மேல் இருந்த மனைவியின் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. அட மக்குப் பயலே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

வரைபடம் முழுசாக வருவதில்லை, சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டித்தான் வரும். ஒருமுறை வந்த சதுரத்தைப் போன் பத்திரமாக வைத்துக்கொள்ளும். எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புவது அலுவலகம். முன்பெல்லாம் ஒரு நாள்தான். அதை ஒரு வருஷம் ஆக்கியவர் சாட்சாத் இந்த மாப்பிள்ளையே. தெரு எங்கே எழுந்து நடந்து போகப்போகிறது என்று கூட்டத்தில் பெருமையடித்தார், சர்வருக்குப் பாதி சுமை குறைந்தது, மேனேஜர் அம்மா எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஆனால் அவருடைய லேப்டாப் மட்டும் எதையும் சேர்த்து வைக்காது. செய்த மாற்றத்தை உடனுக்குடன் பார்க்க வேண்டுமே என்று அவர் அதை அப்படி அமைத்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் ஒரு வருஷத்துப் பழசு, ஐயாவுக்கு மட்டும் சுடச்சுடப் புதுசு. அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தானே தெரியும்?

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் கடை வாசலில் நின்றார். வருகிறவர்களிடம் போனை வாங்கிப் பழைய சதுரங்களை அழித்துக் கொடுத்தார். ஒரு அம்மாள் திருடன் என்று நினைத்துப் பையால் ஒரு போடு போட்டார். முதுகைத் தடவிக்கொண்டு நிற்கும்போதுதான் இன்னொன்று புரிந்தது. கடைக்கு வந்துவிட்டவருக்கு வரைபடம் எதற்கு? வராமல் திரும்பிப் போகிறவர்களின் போனுக்கு அவர் எங்கே போவார்!

ஒரே ஒரு வழி இருந்தது. எல்லாச் சதுரங்களுக்கும் சர்வரில் உள்ள முகவரியை மாற்ற வேண்டும். முகவரி மாறினால் போன் தன்னிடம் உள்ளதைப் புரட்டாது, புதுசு கேட்டு வரும். ஆனால் ஊரில் உள்ள அத்தனை போனும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் சர்வருக்கு நாக்குத் தள்ளிவிடும். கைதட்டல் வாங்கிய மனுஷன் தன் கையாலேயே அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்ததும் மேனேஜர் அம்மா முன்னால் போய் நின்று ஒன்று விடாமல் சொன்னார். அவர் தன் போனில் அந்தத் தெருவைத் திறந்து பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, முகவரியை மாற்றச் சொன்னார். வருஷத்தைத் திரும்ப ஒரு நாளாக்கச் சொன்னார். ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டு கூப்பிடும் போன்களையும் அவரையே எடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு நகரத்து வரைபடமெல்லாம் வெறும் சாம்பல் கட்டங்களாக நின்றது. மாப்பிள்ளை வாங்காத வசவில்லை. சாயங்காலத்துக்குள் சர்வர் ஒருவழியாக மூச்சு வாங்கி எழுந்தது. எல்லாப் போனிலும் பேக்கரி வந்தது.

அந்த வாரமே கேக்குக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. மாப்பிள்ளையும் மனைவியும் அண்ணன் வீட்டுப் படியேறிச் சாப்பிட்டுவிட்டும் வந்தார்கள். அப்புறம் ஒருநாள் மச்சான் போன் பண்ணினார். குரல் இழுத்தது. காலையில் பன்னெல்லாம் அப்படியே கிடக்கிறது, டாக்சிக்காரர்கள், பார்சல் கொண்டு போகிறவர்கள் யாரும் வருவதில்லை என்றார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பழைய பேரையும் பக்கத்துலயே சின்னதா போட முடியுமா மாப்பிள்ளை? டாய்லெட்டை நான் சுத்தமா வெச்சுக்கறேன்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'பேக்கரி' என்பதன் கீழே 'கழிப்பறை உண்டு' என்று எழுதினார். லேப்டாப்பில் சரியாக வந்தது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் மனைவியிடம் போனைத் திறக்கச் சொன்னார்.

அவள் பார்த்தாள். இன்னும் மாறவில்லை என்றாள்.

நாளைக்குள் மாறிவிடும், அண்ணனிடம் சொல்லிவிடு என்றார் இவர்.

"நீங்களே சொல்லுங்க," என்று அவள் போனை அவர் கையிலேயே கொடுத்தாள். "இப்பல்லாம் நீங்க சொன்னா நம்புறாரு."