மருமகளின் மீன்தொட்டி

பிறந்த வீட்டிலிருந்து மருமகள் ஆசையாகக் கொண்டுவந்தது ஒரு மீன்தொட்டிதான். மாமியார் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கென்னவோ பக்கத்தில் வந்து, "ஃபில்டர் பஞ்சு ஏம்மா இவ்ளோ அழுக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

மருமகளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, கண்ணுகளா. "அழுக்கில்ல அத்தை. அதுல நல்ல பாக்டீரியா குடியிருக்கு. மீன் கழிவுலேர்ந்து வர்ற விஷத்தை அதுதான் தின்னுது. தொட்டித் தண்ணியிலேயே லேசா அலசணும். சோப்புப் போட்டா அது செத்துடும், பின்னாடியே மீனும் போயிடும்."

"அப்படியா! நல்லவேளை சொன்னே."

அந்த வாரக் கடைசியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிறகு செத்து மிதந்தன. மருமகள் ஃபில்டரைத் திறந்தாள். பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது; சோப்பு மணத்தது.

"அத்தை, சோப்புப் போடக்கூடாதுன்னு சொன்னேனே!"

"சொன்னியேம்மா. சொல்லலைன்னா எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் மாமியார்.