ஷோகேஸில் குளுஸ்கா

என் மகள் யாகோடாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் வளர்க்கும் சின்சில்லாவின் பெயர் குளுஸ்கா. சாம்பல் நிறம், முயல் காது, அணில் வால், மற்றபடி சூப்பில் போடும் மாவு உருண்டை மாதிரி இருக்கும். இரண்டு வருடமாக எங்களோடு நான்காவது மாடியில் இருந்தது. இந்த மே மாதம் பிராணி டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல போனா இது தாங்காதுங்க. உங்க வீடு எப்படி?"

எங்கள் வீடு தெற்குப் பார்த்தது. ஜூனில் முப்பது அடிக்கும்.

"அப்பா வீடு குளுகுளுன்னு இருக்கும். தரைத்தளம், சுவரே இவ்ளோ தடிமன்," என்றாள் யாகோடா, டாக்டர் முன்னாலேயே. "கிங்கா கூண்டு செஞ்சு தரேன்னு சொல்லியிருக்கா. குளுஸ்கா எங்க தூங்குதோ அங்கதான் நானும்."

கிங்கா என் முன்னாள் கணவன் மிரெக்கின் இந்நாள் மனைவி. மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகள் அப்பாவுக்கு, மீதி எனக்கு என்று கோர்ட்டில் எழுதியிருக்கிறது. சின்சில்லாவைப் பற்றி கோர்ட் ஒன்றும் எழுதவில்லை.

கூண்டை என் கண்ணால் பார்த்த பிறகுதான் விடுவேன் என்றேன். நியாயமான பேச்சுதானே. ஆனால் நான் கிளம்பியது குறை கண்டுபிடிக்க. ஒரே ஒரு குறை கிடைத்தால் போதும், மகளையும் சின்சில்லாவையும் அடுத்த டிராமிலேயே திருப்பிக் கூட்டி வந்துவிடலாம்.

சனிக்கிழமை மதியம் போனோம். மிரெக் வேலைக்குப் போயிருந்தான். கிங்கா கதவைத் திறந்து, விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் வீட்டுச் செருப்பை என் முன்னால் வைத்தாள். யாகோடா அவளாகவே அலமாரிக்குக் கீழே கைவிட்டு ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஊதா நிறம், அவள் அளவு, குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. எவ்வளவு நடந்தால் அப்படித் தேயும் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

"வாங்க வியோலெட்டா மேடம். டீ போடட்டுமா?"

எங்கள் ஊரில் வயதில் பெரியவள்தான் முதலில் 'நீ என்றே கூப்பிடு' என்று சொல்ல வேண்டும். நான் அவளைவிடப் பதினோரு வயது மூத்தவள். மூன்று வருடமாக அதைச் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

"போடுங்க," என்றேன்.

உள்ளறைக்குப் போனேன். வடக்குப் பார்த்த அறை, ஜன்னலும் ஹீட்டரும் எட்ட இருந்தன. எதிர்ச் சுவரில் என் ஷோகேஸ் நின்றுகொண்டிருந்தது.

என்னுடையதேதான். அந்தக் காலத்துப் போலந்தில் கல்யாணம் என்றால் சுவர் நீளத்துக்கு அலமாரி வாங்குவார்கள், நடுவில் கண்ணாடி வைத்த ஷோகேஸ் இருக்கும். பிரிந்தபோது அலமாரியையும் பிரித்தோம், ஷோகேஸ் மிரெக்குக்குப் போனது. என் கல்யாணக் கிரிஸ்டல் கிண்ணங்கள் இருந்த இடத்தில் இப்போது வைக்கோல் இருந்தது.

"பழசு, ஆனா உறுதியா இருந்துச்சு. அதான் கூண்டாக்கிட்டேன்," என்றாள் கிங்கா. "உங்களுக்குச் சங்கடமா?"

"எனக்கென்ன சங்கடம். புருஷனையே குடுத்தாச்சு." யாகோடா என்னை முறைத்தாள்.

பரிசோதனையை ஆரம்பித்தேன். கதவுக் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்திருந்தாள். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்க முடியாது. பிளாஸ்டிக் என்று ஒரு துண்டு கிடையாது. தண்ணீர் பாட்டில்கூடக் கண்ணாடி. ஓடி விளையாடும் சக்கரம் முழுத் தகடு, கால் மாட்டிக்கொள்ள இடைவெளியே இல்லை.

"பலகைக்கு வார்னிஷ் அடிச்சீங்களா?"

"இல்ல, பச்சைப் பைன். கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. படி மாதிரி வெச்சிருக்கேன், தவறினாலும் அடுத்த பலகையிலதான் விழும்."

"கிளை என்ன மரம்? செர்ரி ஆகாது, தெரியுமில்ல?"

"ஆப்பிள். மாமா தோட்டத்துல மருந்தே அடிக்க மாட்டார். கழுவி, ஓவன்ல காய வெச்சேன்."

வெயில் நாளில் வயிறு வைத்துப் படுக்க ஒரு சலவைக்கல். மண்ணில் புரண்டு குளிக்க அகலமான மண்சட்டி. நான் இரண்டு வருடமாக வாங்க வேண்டும் என்று நினைத்து வாங்காத எல்லாமும் அங்கே இருந்தன. என் மகள் கிங்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, "சொன்னேன்ல அம்மா," என்றாள்.

"இது கேமரா," என்றாள் கிங்கா. "ஷோகேஸ்லயே கீழ ஒரு பிளக்பாயிண்ட் இருந்துச்சு, அதுல சொருகிட்டேன். யாகோடா உங்க வீட்டுல இருக்கும்போதும் போன்ல பாத்துக்கலாம்."

அதாவது இனி என் வீட்டில் இருக்கப்போகும் சில நாட்களிலும் என் மகள் இந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் மேல் மூலையைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பைன் பலகை அறைந்திருந்தவள், உச்சியில் நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள். அங்கே பழைய பழுப்பு அட்டை தெரிந்தது.

"பலகை பத்தல மேடம். திங்கக்கிழமை மாமா கொண்டு வருவார். ரெண்டு நாள் அட்டையைக் கடிச்சா பரவால்லையா?"

அந்த அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எனக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். மிரெக் நார்வேயில் வேலை பார்த்த வருடம், கிரிஸ்டல் மின்னட்டும் என்று தம்பியை வைத்து உள்ளே ஒரு விளக்குப் போட்டேன். கீழே இருக்கும் பிளக்பாயிண்டும் அதே ஒயரில் அவன் வைத்ததுதான். ஒரு நாள் பல்பு வெடித்தது. விளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர் முனையில் டேப் சுற்றி அட்டைக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன். மிரெக் அதையெல்லாம் என்றைக்குப் பார்த்தான். இப்போது கேமராவில் பச்சைப் புள்ளி எரிந்தது. மேலே போகும் ஒயரிலும் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம்.

"பரவால்ல," என்றேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். தெரிந்துதான் சொன்னேன். இங்கே வந்த முதல் நாளே குளுஸ்கா செத்தால் யாகோடா இந்த வாசலை மிதிக்க மாட்டாள். அந்த ஊதாச் செருப்பு குப்பைக்குப் போகும். என் மகள் என்னிடம் வந்து அழுவாள், நான் தலையைத் தடவிக்கொடுப்பேன். இவ்வளவும் ஒரு நொடியில் தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்து, கிங்கா சுட்ட கேக்கை எடுத்துக் கடித்தேன். அதுவும் நன்றாக இருந்து தொலைத்தது.

யாகோடா குளுஸ்காவை உள்ளே விட்டாள். அது ஒவ்வொரு பலகையாகத் தாவி உச்சிக்குப் போய், சொல்லிவைத்த மாதிரி அந்தப் பழுப்பு அட்டையைக் கொறிக்க ஆரம்பித்தது. கரக், கரக். நான் அடுத்த வாய் கேக்கை மென்றேன்.

"ஏய் திருடி, அங்க என்ன இருக்கு?" என்று சிரித்தபடி யாகோடா கதவைத் திறந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். அட்டையில் ஓட்டை விழுந்திருந்தது. அதற்குள் விரலை நீட்டினாள்.

தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். பச்சைப் புள்ளி அணைந்தது.

"கையை எடு. ஒயர் இருக்கு அங்க. கையை எடுடி."

ஷோகேஸைத் திருப்பி அட்டையைக் கழற்றினோம். நான் சுற்றிய டேப் காய்ந்து உதிர்ந்து, செம்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாகோடா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நீ மட்டும் இல்லேன்னா..."

மூன்று வருடத்தில் அவள் என்னை இவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டதில்லை. எனக்கு அது உடம்பில் ஒட்டவில்லை. குளுஸ்காவுக்காக மட்டும் நான் எழுந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒயரை அடியோடு உருவி எறிந்தேன். அட்டை முழுவதையும் எடுத்துவிட்டுக் கம்பிவலை அடிக்கச் சொல்லி, நானே ஆணியும் அறைந்தேன். ஒரு குறை வைக்காமல் செய்தேன்.

உடைந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கிங்கா எனக்கு முதுகு காட்டி நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டப்பவே நீ அந்த மூலையைப் பாத்தே," என்றாள். "அப்புறம் கேமராவைப் பாத்தே. அப்புறம் பரவால்லன்னு சொன்னே."

அனுமதி கேட்காமல் 'நீ' என்றாள். உடைந்த துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"யாகோடாகிட்ட சொல்ல மாட்டேன். அவளுக்கு அம்மா வேணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூண்டில் ஜெயித்தாள், கேக்கில் ஜெயித்தாள், கடைசியில் இந்தப் பெரிய மனசிலும் அவளே ஜெயித்துவிட்டாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

யாகோடா அங்கேயே தங்கிவிட்டாள். குளுஸ்காவின் பழைய கூண்டை மடியில் வைத்துக்கொண்டு டிராமில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த அம்மாள் காலிக் கூண்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ பாவம். செத்துப்போச்சா?"

"இல்லீங்க," என்றேன். "நல்ல இடமா கிடைச்சு போயிருச்சு."